சேஃப்டி ரேசருக்கு மாறியதிலிருந்து கழுத்தில் எரிச்சல், தாடையில் வெட்டு: என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, பாண்டியில் வேலை. தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். ஆபீஸில் கிளீன் ஷேவ் கட்டாயம். பல பிளேடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல் போன மாதம் ஆன்லைனில் ஒரு சேஃப்டி ரேசர் செட் வாங்கினேன், இரண்டு பக்கமும் கூர் உள்ள ஒற்றை பிளேடு போடுவது. மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற வகை.

கன்னத்தில் பிரச்சினையே இல்லை, வழவழவென்று வருகிறது. கழுத்துதான் வம்பு. குரல்வளைக்குக் கீழே சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்புகிறது. தாடை எலும்பு வளைகிற இடத்தில் அடிக்கடி வெட்டு. இன்னொன்று, ரேசரின் ஒரு பக்கம் சாதுவாகப் போகிறது, திருப்பிப் பிடித்தால் மறுபக்கம் பிராண்டுகிறது. பாண்டி போய்ச் சேர்வதற்குள் வியர்வையும் சேர்ந்து கழுத்து தகதகவென்று எரியும்.

பிளேடு நண்பன் கொடுத்தது, "இதைவிடக் கூர்மை கிடையாது" என்று சொல்லிக் கொடுத்தான். கிரீமைக் கையாலேயே தேய்த்துக்கொள்கிறேன், பிரஷ் இல்லை. பிளேடை மாற்றணுமா, ரேசரையே மாற்றணுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தபிளேடு

பேசாமல் கார்ட்ரிட்ஜுக்கே திரும்பிப் போங்க தம்பி. என் மைத்துனரும் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்றுதான் இதில் இறங்கினார். பிரஷ், கிண்ணம், மரப்பெட்டி சோப்பு, ஸ்டாண்டு என்று இப்போது பாத்ரூம் அலமாரியில் டூத் பேஸ்ட் வைக்க இடமில்லை.

பழையரேசர்_லாஸ்பேட்டை

மைத்துனர் நம்ம ஆள் போலிருக்கிறது, வரச் சொல்லுங்கள்.

தம்பி, நீங்கள் சொன்னதிலேயே முக்கியமான துப்பு அந்த "ஒரு பக்கம் சாது, மறுபக்கம் பிராண்டல்"தான். பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று துண்டு செட்டில் இது சகஜம். மேல் மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் பிளேடு கொஞ்சம் ஆட இடமிருக்கும். கைப்பிடியைத் திருகும்போது அது ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால் ஒரு விளிம்பு அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும், மறு விளிம்பு உள்ளே போய்விடும். நீட்டிய பக்கம் வெட்டும்.

மாட்டும் விதம்: மூடியைக் கவிழ்த்து வைத்து, பிளேடை அதன் முளைகளில் உட்கார வையுங்கள். மேலே அடித்தட்டு. கூர் இல்லாத அந்தக் குட்டைப் பக்கங்கள் இரண்டையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடியைத் திருகுங்கள். இறுக்கியதும் விளக்கு வெளிச்சத்தில் நேர் எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே அளவு மயிரிழையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பட்டையாகத் தெரிந்தால் தளர்த்தி மறுபடி மாட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அடித்தட்டு வார்ப்பே கோணல். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அடுத்தது கை. கார்ட்ரிட்ஜில் தலை தானாக மடங்கும், நாம் அழுத்தி இழுத்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். இதில் தலை அசையாது. மடங்குவது உங்கள் மணிக்கட்டுதான். தாடை வளைவில் வெட்டு விழுவது இதனால்தான்: கன்னத்தில் பிடித்த சாய்விலேயே எலும்பைத் தாண்டி இறக்கிவிடுகிறீர்கள். மூடியின் மேற்புறம் கன்னத்தில் படும்படி, கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டியிருக்கும்படி வையுங்கள். அப்போது பிளேடு தோலில் படாது. கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு மயிரைத் தொட்டதும் ஒரு சன்னச் சத்தம் கேட்கும். அங்கே நிறுத்துங்கள், ஏறக்குறைய 30 டிகிரி வரும். தாடை எலும்பில் அந்தச் சாய்வு மாறாமல் இருக்க, விரற்கடை அளவுக்குக் குட்டிக் குட்டியாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டைத் திருத்த வேண்டும்.

அழுத்தவே கூடாது. கைப்பிடியின் அடிநுனியை இரண்டு மூன்று விரலால் சும்மா பிடியுங்கள். ரேசரின் எடையே வேலையைச் செய்துகொள்ளும்.

ஒத்தபிளேடு

இவ்வளவு பாடம் படித்துத்தான் முகம் வழிக்கணுமா? ஐந்து பிளேடு வைத்து கம்பெனிக்காரன் ஒன்று செய்திருக்கிறான், சர் சர் என்று இழுத்தால் முடிந்தது.

பழையரேசர்_லாஸ்பேட்டை

சர் சர் என்று இழுத்தால் சில பேருக்கு முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். 1971-ல் ஜில்லெட் இரட்டை பிளேடு கொண்டுவந்தபோதே அதன் வேலை என்ன என்றால், முதல் பிளேடு மயிரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அது உள்ளே சுருங்கிப் போவதற்குள் இரண்டாவது வெட்டும். 1998-ல் மூன்று பிளேடு, 2006-ல் ஐந்து. மயிர் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்டால் தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் சுருட்டை மயிர்க்காரனுக்கு அது திரும்ப வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளையும், அதுதான் பொரி. ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 2010-ல் இந்தியாவுக்கென்று அதே கம்பெனி இறக்கிய "கார்ட்" (Guard) ரேசர் ஒற்றை பிளேடுதான்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிங் கேம்ப் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது 1904-ல். அதற்கு முந்தைய வருஷம் விற்பனையைத் தொடங்கியபோது மொத்தம் போனது 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கெல்லாம் அரசாங்கமே வாங்கிக் கொடுத்த பிறகுதான் இது வீட்டுக்கு வீடு வந்தது. பாண்டியிலும் பட்டாளத்துக் கதை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா தாத்தாக்கள் வீட்டுப் பெட்டிகளில் இன்னும் சில நல்ல செட்டுகள் தூங்குகின்றன. யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள் :)

முதுநகர்_சலூன்

சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பிக்கு எரிகிறது கழுத்தில். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனான முதுநகரில் கடை, அப்பா காலத்திலிருந்து இதே தொழில். உட்காருகிற ஆளின் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் நான் கத்தி வைக்க மாட்டேன். கன்னத்தில் பெரும்பாலானவர்களுக்கு முடி கீழே பார்த்துத்தான் வளரும். கழுத்தில் அப்படி இல்லை. சில பேருக்குத் தொண்டைக்குழியிலிருந்து மேலே பார்த்து வளரும். சில பேருக்கு இடது பக்கம் காதைப் பார்த்துப் படுத்திருக்கும், வலது பக்கம் நேரே இறங்கும். சுழியே இருக்கிறவர்களும் உண்டு. கன்னத்தில் இழுத்த மாதிரியே கழுத்திலும் மேலிருந்து கீழே இழுத்தால் பாதிப் பேருக்கு அது எதிர்வாக்கு, அதாவது முடி வளர்கிற திசைக்கு எதிர். நீங்கள் நேர்வாக்கில் வழிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பிளேடு எதிரே போய் முட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு நாள் முடியை வளர விடுங்கள். உலர்ந்த கழுத்தில் விரல் நுனியை நாலாபக்கமும் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் போகும்போது நறநற என்கிறதோ அது எதிர்வாக்கு. வழுக்கிக்கொண்டு போகிற பக்கம்தான் நேர்வாக்கு. இடது, வலது, நடு, மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் தடவை முழுக்க நேர்வாக்கில்தான். அப்புறம் மறுபடி நுரை போட்டு, தேவைப்பட்டால் குறுக்காக ஒரு தடவை. கழுத்தில் எதிர்வாக்கே வேண்டாம். ஆபீஸுக்கு நேர்வாக்கும் குறுக்கும் போதும், யாரும் வந்து தொட்டுப் பார்க்கப் போவதில்லை.

நுரை இல்லாத இடத்தில் பிளேடு வைக்காதீர்கள். விட்டுப்போனதைச் சும்மா ஒரு இழுப்பு என்று காய்ந்த தோலில் இழுப்பதுதான் பாதி எரிச்சலுக்குக் காரணம்.

இன்னொன்று தோலை இழுத்துப் பிடிப்பது. கழுத்துத் தோல் தளர்ந்தது, பிளேடுக்கு முன்னால் மடிப்பு விழுந்தால் அங்கே வெட்டும். முகத்தைத் தூக்கி, ரேசர் போகிற திசைக்கு எதிர்ப்பக்கம் தோலை விரலால் இழுக்கணும். நுரையில் விரல் வழுக்கும். அதற்கு நாங்கள் செய்வது, இடது கை விரலை ஈரப் படிகாரத்தில் ஒரு தேய்ப்பு. விரல் தோலில் பசை போட்ட மாதிரி நிற்கும். குரல்வளை மேட்டில் நேரே ஏறாதீர்கள். எச்சில் விழுங்கி மேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டோ, தோலைப் பக்கவாட்டில் இழுத்து எலும்பை விட்டு நகர்த்தியோ வழியுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்

அண்ணே, இப்போதே விரலை ஓட்டிப் பார்த்தேன். நேற்று வழிக்கவில்லை, அதனால் தெரிகிறது. இடது கழுத்தில் காதுப் பக்கமாகப் படுத்திருக்கிறது. வலது பக்கம் கீழ்ப்பாதி மேலே பார்த்து வளர்கிறது. அப்படியானால் வலது பக்கம் கீழிருந்து மேலே இழுக்கணுமா? பிளேடைத் தொண்டையிலிருந்து மேலே ஏற்ற பயமாக இருக்கிறது.

முதுநகர்_சலூன்

பயப்பட ஒன்றும் இல்லை. ரேசரைத் தலைகீழாகப் பிடியுங்கள், கைப்பிடி மேலே, தலை கீழே. முதல் இரண்டு மூன்று தடவை குளித்து முடித்துவிட்டு நிதானமாகச் செய்யுங்கள். ஆபீஸுக்கு நேரமாகும்போது புது வித்தை பழகாதீர்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். கண்ணாடியில் வலது இடது குழம்பினால் கண்ணாடியைப் பார்க்காமல் விரல் சொல்கிறபடி போங்கள்.

உப்புத்தண்ணி

யாரும் தண்ணியைப் பற்றிப் பேசவில்லையே. கடற்கரையோரம் இருக்கிறோம், போர் தண்ணியில்தானே எல்லோரும் வழிக்கிறோம்? எங்கள் அரியாங்குப்பம் வீட்டுப் போர் தண்ணியில் சோப்பு போட்டால் பக்கெட் ஓரத்தில் வெள்ளைப் படலம்தான் வரும், நுரை வராது.

காரணம் எளிது. ஷேவிங் கிரீம், ஷேவிங் சோப்பு எல்லாமே அடிப்படையில் ஸ்டியரிக் அமிலமும் காரமும் சேர்ந்த சோப்புதான். தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் அதிகம் இருந்தால் சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். நுரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வந்த நுரையும் கழுத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். வழிக்கிறவன் கன்னத்தில் ஆரம்பித்துக் கழுத்தில் முடிப்பான், கழுத்தில்தான் எரிகிறது என்பான்.

கேன் தண்ணி ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். நுரைக்கு மட்டும் அது போதும், ரேசரை அலச எந்தத் தண்ணியும் சரி. கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்று வீட்டில் சொல்வார்கள். கார்பனேட் வகைக் கடினத்தன்மை மட்டும்தான் கொதிக்க வைத்தால் அடியில் படியும். குளோரைடும் சல்ஃபேட்டும் அப்படியே இருக்கும். நம்ம பக்கம் கடல் நீர் உள்ளே ஏறிய கிணறுகளில் அதுதான் நிறைய.

பிரஷ் ஒன்று வாங்கிவிடுங்கள். கையால் தேய்த்தால் கிரீம் தோலில் பூசிக்கொள்ளும், முடிக்கு அடியில் போகாது. பாதாம் அளவு கிரீம், ஈரமான பிரஷ், முகத்திலேயே வட்டமாகச் சுற்றுங்கள். காய்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணி. தயிர் கடைந்த மாதிரி பளபளப்போடு கெட்டியாக வரணும், குமிழ் குமிழாக இருந்தால் காற்றுதான் இருக்கிறது. முடி தண்ணி குடித்தால் நன்றாக மிருதுவாகிவிடும், அதற்கு இரண்டு மூன்று நிமிஷம் வேண்டும். குளித்துவிட்டு வழியுங்கள் என்று அண்ணன் சொன்னதும் இதனால்தான்.

பழையரேசர்_லாஸ்பேட்டை

உப்புத்தண்ணி சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். பிரஷ்ஷுக்குப் பன்றி மயிர், பேட்ஜர் மயிர் என்று தேடி அலைய வேண்டாம், சிந்தெட்டிக் போதும். நம்ம ஊர் ஈரக் காற்றில் சீக்கிரம் காய்வதும் அதுதான்.

பிளேடு பற்றி: நண்பர் கொடுத்ததை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். கூர்மை அதிகமான பிளேடு கை பழகியவனுக்கு நல்லது. ஃபெதர் மாதிரி வகைகளை வைத்துச் சுகமாக வழிக்கிறவர்கள் உண்டு, ஆனால் அது சாய்வு தப்பினால் மன்னிக்காது. மளிகைக் கடையில் தொங்குகிற 7 ஓ கிளாக், ஆன்லைனில் ஆஸ்ட்ரா என்று இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பாருங்கள். ஒருவருக்குப் பட்டு மாதிரி போவது இன்னொருவருக்கு இழுக்கும். ஒரே நேரத்தில் கிரீம், பிளேடு, ரேசர் மூன்றையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. பிளேடை மட்டும் மாற்றுங்கள்.

முடி இழுபட ஆரம்பித்தால் பிளேடு முடிந்தது என்று அர்த்தம். மூன்றிலிருந்து ஐந்து ஷேவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று மழுங்கியதை வைத்து இழுத்தால் தானாகவே அழுத்த ஆரம்பிப்போம். துணியால் துடைக்காதீர்கள், விளிம்பின் மேல்பூச்சு போகும். உதறிக் காய வைத்தால் போதும்.

நெல்லிக்குப்பம்_ரைடர்

நானும் கடலூர்–பாண்டி ரோட்டில் தினமும் ஓட்டுகிறவன். தம்பி, ஹெல்மெட் வாரை மறந்துட்டீங்க. காலையில் வழித்த கழுத்தில் அந்த நைலான் வார், ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் வியர்வையில் ஊறித் தேய்த்துக்கொண்டே வரும். முந்தின இரவு வழித்துவிட்டுப் படுங்கள். காலையில் தோல் ஆறியிருக்கும். வாரை வாரம் ஒரு தடவை சோப்புப் போட்டு அலசுங்கள், அதில் பூக்கிற உப்பைப் பார்த்தால் நீங்களே பயந்துடுவீங்க. வாரைப் போடாமல் ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

ஒத்தபிளேடு

இது நியாயமான பேச்சு. எனக்கும் தாடைக்கு அடியில் வாரால்தான் தடிக்கும், இத்தனை நாளும் கிரீமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வில்லியனூர்_மருந்தகம்

இந்தப் பேச்சில் நுழையலாமா என்று யோசித்தேன். வீட்டுக்காரர் வழிக்கிறதையும் கடைக்கு வருகிறவர்கள் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் சில இருக்கிறது.

முதலாவது, கழுத்துப் பொரிக்கு அரிப்பு கிரீம் கேட்டு வருகிறவர்கள். பழைய டியூபைக் காட்டி "இதுவே கொடுங்க" என்பார்கள். பாதி டியூபில் ஸ்டீராய்டு இருக்கும், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று. போட்டால் மறுநாளே சிவப்பு அடங்கும், அதனால்தான் கேட்கிறார்கள். முகத்திலும் கழுத்திலும் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், நிறம் மாறும், பருக் கிளம்பும், நிறுத்தினால் முன்னைவிட எரியும். 2018-லேயே 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. நான் கொடுப்பதில்லை, அதற்காகத் திட்டு வாங்குவதும் உண்டு.

பொரி கிளம்பியிருந்தால் அது அடங்கும்வரை வழிப்பதை நிறுத்துங்கள். ஆபீஸில் விட மாட்டார்கள் என்றால் டிரிம்மரில் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், தோலில் படாமல். நகத்தால் கிள்ளாதீர்கள். பொரிக்குள் வளைந்த முடி தெரிந்தாலும் நோண்டாதீர்கள், வெதுவெதுப்பான ஈரத்துணி ஒற்றடம் போதும். சீழ் வைத்தாலோ, பரவினாலோ, தழும்பு தடித்துக்கொண்டே போனாலோ தோல் டாக்டரிடம் போகணும். ஜிப்மர் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை, சின்ன வெட்டானாலும் இரத்தம் நிற்க நேரமாகும். அவர்களும் சர்க்கரைக்காரர்களும் எலக்ட்ரிக் ரேசர் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, வீட்டில் அண்ணன் தம்பி ஒரே ரேசரைப் பயன்படுத்துகிறார்கள், "பிளேடு மட்டும் தனி" என்று. ரேசர் தலையும் தனியாகவே இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்தில் 7 நாள்கூட உயிரோடு இருக்கும்.

மஞ்சக்குப்பத்தான்

அக்கா, ரொம்ப நன்றி. வழித்த பிறகு ஆஃப்டர் ஷேவ் போடலாமா? எரிந்தால்தான் கிருமி சாகும் என்று அப்பா சொல்வார்.

வில்லியனூர்_மருந்தகம்

எரிச்சல் இருக்கிற தோலில் ஆல்கஹால் கலந்தது வேண்டாம் தம்பி, இன்னும் வறட்டும். குளிர்ந்த தண்ணியில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் லேசாகப் போடுங்கள். வெட்டு விழுந்தால் சுத்தமான பஞ்சால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எட்டிப் பார்த்தால் நிற்காது.

முதுநகர்_சலூன்

அப்பாவுக்குப் படிகாரம் போதும் என்று சொல்லுங்கள். வழித்து முடித்துக் கழுவிய பிறகு, படிகாரக் கட்டியை நனைத்து முகம் முழுக்க ஒரு தடவை ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் விட்டுக் கழுவிவிடுங்கள். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அங்கே இன்று அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள், நாளைக்கு அங்கே கையை லேசாக்கணும். எங்களிடம் வேலை பழக வருகிற பையன்களுக்கு அவர்கள் முகத்திலேயே இப்படித்தான் காட்டிக் கொடுப்போம். தோல் வறண்டவர்கள் தினமும் போட வேண்டாம்.

கட்டியும் ஆளுக்கு ஒன்றுதான். கடையில் ஒரே கட்டியை எல்லோருக்கும் தேய்த்தால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் பொடித்துத் தண்ணியில் கரைத்து பாட்டிலில் வைத்து அடிக்கிறேன்.

சண்டேமார்க்கெட்_சுந்தரம்

இடையில் ஒரு கேள்வி. பாண்டி சண்டே மார்க்கெட்டில் பித்தளையில் நிக்கல் பூசிய பழைய செட் ஒன்று கண்ணில் பட்டது, திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிற மாதிரி. வாங்கலாமா?

பழையரேசர்_லாஸ்பேட்டை

கதவு இரண்டும் ஒரே மட்டத்தில் மூடுகிறதா, திருகு கடைசிவரை இறுகுகிறதா, கம்பி விளிம்பு எங்கேயும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் பேரம் பேசுங்கள். கீழே விழுந்து அடிபட்ட ரேசரில் பிளேடு ஒருநாளும் நேராக உட்காராது. வீட்டுக்கு வந்ததும் பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டு இண்டு இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, மருந்துக்கடை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊற வையுங்கள். கொதிக்கிற தண்ணியில் போடாதீர்கள், பழைய பூச்சு உரியலாம். அப்புறம் படம் போடுங்கள், எந்த வருஷத்தது என்று பார்க்கலாம்.

மஞ்சக்குப்பத்தான்

பிளேடைக் கழற்றி நேராக மாட்டினேன், இரண்டு பக்கமும் இப்போது ஒரே மாதிரி போகிறது. கழுத்துச் சிவப்பு அடங்கும்வரை டிரிம்மர்தான், அதற்கப்புறம் அண்ணன் சொன்ன திசையில் ஆரம்பிக்கிறேன். பழைய பிளேடை எங்கே போடுவது? குப்பைக் கவரில் போட்டால் அம்மா திட்டுகிறார்கள்.

முதுநகர்_சலூன்

அம்மா சொல்வது சரி. காலையில் குப்பை பிரிக்கிறவர்கள் கையில்தான் அது ஏறும். மூடி போட்ட தகர டப்பா ஒன்று எடுத்து, மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்குக் கீறி உள்ளே போட்டுக்கொண்டே வாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு டப்பா நிறையவே வருஷக்கணக்காகும். நிறைந்ததும் வாய்க்கு டேப் ஒட்டி, மேலே "பிளேடு" என்று எழுதி, குப்பை வண்டிக்காரர் கையில் சொல்லிக் கொடுங்கள். கடையில் எனக்கு மாதம் ஒரு டப்பா ஆகிறது.